குளம்படித் தண்ணீர்

பிண்ணாக்கில் ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்துவிடும், துரை. அதனால் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் மூட்டைகளை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, தேக்காவில் இருக்கும் என் கடையின் பின்வாசலில், சேற்று நிலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவேன். சிரங்கூன் சாலையில் டிராம் ஓட ஆரம்பித்த வருஷம், அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அவற்றை முதலில் கேட்டேன்.

தவளைகள்தான். கட்டைவிரல் நகத்தளவு இருக்கும். மரம் ஏறாது, ஆழத்துக்கும் போகாது. புல்லடியில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். ஆனால் தொண்டையை ஊதிக்கொண்டு கத்த ஆரம்பித்தால், சீப்புப் பல்லில் நகத்தை ஓட்டுகிற சத்தம். ஒன்று தொடங்கும், இன்னொன்று எதிர்ப்பாட்டு பாடும், பிறகு சேறு முழுக்கக் கச்சேரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாகூரில் மனைவி ஜைனபை அடக்கம் செய்துவிட்டுச் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறியவன் நான், சிரிப்பதையே மறந்திருந்தேன். அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு மழை வந்தாலே எனக்குப் பெருநாள். வந்த ஆளைக் கடையில் நிற்க வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போடுவேன். ஊர் எனக்குப் பைத்தியம் என்றது. சந்தோஷமாக இருப்பவனை அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தச் சேற்றில்தான் இப்ராஹீம் தன் எருமைகளைப் புரள விடுவான். நல்ல பையன், பிண்ணாக்குக்கு என் கடைதான். ஒருநாள் குனிந்து பார்த்தேன். எருமைக் குளம்பு பதிந்த குழியிலெல்லாம் தண்ணீர்; அதில் ஊறிய சப்ஜா விதை மாதிரித் தவளை முட்டை. அந்தக் குழிகளில் மட்டும்தான், வேறெங்கும் இல்லை. அவற்றை நோக்கியே எருமைகள் மறுபடி நடந்து வந்தன. ஒரு மிதி பட்டால் அத்தனையும் நசுங்கிவிடும்.

"தம்பி, எருமைய வேற எங்கயாச்சும் கட்டேன்" என்று கேட்டுப் பார்த்தேன்.

"என்ன கஃபார் நானா, விளையாடுறீங்களா? ரெண்டும் ஒண்ணாத்தானே இத்தன நாளா கிடக்குதுங்க" என்று சிரித்தான். அவன் சிரிப்பும் நல்ல சிரிப்புதான்.

அங்கே காலுக்குப் பிடிமானமான தரை ஒரு வரப்பளவுதான். இருபுறமும் ஆள் முழுகும் சேறு. மழைத்தண்ணீர் மூடினால் எதுவும் தெரியாது. அதனால் எருமைக்காரர்கள் பாக்காவ் என்கிற சதுப்புமரக் கம்பு நட்டு, உச்சியில் வெள்ளைத் துணி கட்டி வழி குறித்து வைப்பார்கள். ஒருவர் நட்ட கம்பை இன்னொருவர் தொடுவதில்லை என்பது அவர்களுக்குள் கட்டுப்பாடு. ஆகவே நடந்து போகிறவன் கம்பைச் சந்தேகப்பட மாட்டான். நான் எருமைக்காரன் இல்லை. இரண்டு கம்புகளை இரண்டு முழம் தள்ளி நட்டேன். என் வேலை அவ்வளவுதான். மற்றபடி நடந்தது அவன்.

சாயங்கால மழையில் எருமைகளை ஓட்டி வர இறங்கியவன் மார்பளவு போனதும், "நானா, கயிறு போடுங்க நானா" என்று கூப்பிட்டான். கயிறு என் காலடியில்தான் கிடந்தது. அவன் கூப்பாட்டில் தவளைகள் சட்டென்று நின்றுவிட்டன. எனக்குப் பொறுக்கவில்லை.

"சத்தம் போடாத தம்பி, அதுங்க பயப்படுது" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவனும் அடங்கிவிட்டான். முதலில் ஒன்று தொடங்கியது, பிறகு இன்னொன்று. அன்று நான் எழுந்து நின்று ஆடினேன், துரை.

விபத்து என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவன் மனைவி ருக்கையா எருமைகளை விற்றுவிட்டாள். இப்போது அவளுடைய அண்ணன் புதிதாக எருமைகள் ஓட்டி வரப்போகிறானாம். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறேன். இப்ராஹீமைக் கொன்றது நான்தான். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். கொலை நடந்த இடம் என்று அதைச் சுற்றி வேலி மட்டும் போட்டுவிடுங்கள், ஒரு எருமையும் இறங்கக் கூடாது.

நீங்களே வந்து பாருங்கள். ஒரு குளம்படிகூட இல்லாமல், மழை விட்டதும் தண்ணீர் வடிந்து சேறு வழவழவென்று கிடக்கிறது. இந்த மழைக்காலம் முழுவதும் பின்வாசலில் உட்கார்ந்திருந்தேன், துரை. ஒன்றுகூடக் கத்தவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருக்கின்றன.