குளிரில் நிறுத்திப் பார்த்த ஆர்லீன்

மேடையில் அமர்ந்திருக்கும் பாதிரியார் தோர்சன் அவர்களே, தேவாலயக் குழுவினரே, கிரீஸ் கறை போகாத கைகளோடு வந்திருக்கும் என் கூட்டாளிகளே! உங்கள் அனைவருக்கும் இந்த வெண்டலின் வணக்கம்.

நம் தேவாலய இலவசப் பட்டறையின் தலைமை மெக்கானிக் ஆர்லீன் கோஸ்கெலா அம்மையார் மறைந்துவிட்டார். பதினெட்டு ஆண்டுகள் அவரோடு வேலை பார்த்தேன். பாதி நாள் சண்டைதான். ஆனாலும் கேட்கிறேன், இந்த மினசோட்டாவில் அவரைப் போல இன்னொரு மெக்கானிக் உண்டா? இல்லவே இல்லை!

மார்வின் லாஹ்ட்டியின் பழைய கார் நினைவிருக்கிறதா? மனைவியை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக அவருக்கு இருந்த ஒரே வண்டி. காலையில் கிளப்பினால் என்ஜின் சீராக எரியாமல் மிஸ்ஸிங். குலுங்கிக் குலுங்கி நின்றுவிடும். என்ஜினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றது கோளாறு காட்டும் ஸ்கேனர். நான் பிளக்கை மாற்றினேன், காயிலை மாற்றினேன், பெட்ரோல் பம்பையும் மாற்றினேன். ஹீட்டர் போட்ட பட்டறைக்குள் ஜம்மென்று ஓடியது. மறுநாள் காலை வண்டி நின்றுபோய், மார்வினின் மனைவி பாதி வழியில் மாட்டிக்கொண்டார்.

ஆர்லீன் விட்டாரே ஒரு திட்டு! "யோவ் வெண்டல், நீ தேடுறது வண்டியோட கோளாறையா, உனக்குக் குளிராத எடத்தையா? தள்ளுய்யா வெளியே!"

வெளியே மைனஸ் இருபத்தெட்டு டிகிரி குளிர். இரவு முழுக்கப் பனியில் கிடந்த வண்டியைக் காலையில் கிளப்பி, என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் ஒவ்வொன்றின் மேலும் கிளீனர் ஸ்ப்ரே அடித்தார். ஓரிடத்தில் அடித்ததும் ஸ்ப்ரே உள்ளே போய்ப் பெட்ரோல் போல எரிந்து, குலுக்கல் நின்றது. குளிரில் சுருங்கிய குழாயின் வாய் வழியே காற்று புகுந்திருக்கிறது! சூடு பட்டால் அது தானே மூடிக்கொள்ளும்.

"இந்த விரல் நீள ரப்பருக்காய்யா பம்பை மாத்தின?" என்றார். வெட்கப்பட்டேன். இன்றும் வெட்கப்படுகிறேன்.

பாதிரியார் அவர்களே, பட்டறையை மூடிவிடலாம் என்று குழு பேசுவது எனக்குத் தெரியும். "இனிமே யாருப்பா பாக்கப்போறா, வெண்டல்?" என்று நேற்று கேட்டீர்கள். பதிலை இன்று சொல்கிறேன். நான் பார்ப்பேன்! இந்தக் கூட்டாளிகள் பார்ப்பார்கள்! தவறு செய்தால் வண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடியும் பார்ப்போம். பூட்டு மட்டும் போட விடமாட்டோம்!

வாசலில் நிற்கும் நீல வேன் டீன் ஹௌகனுடையது. நாளை காலை அவர் டயாலிசிஸுக்கு டுலூத் நகருக்குப் போயாக வேண்டும். இந்த வண்டியும் மிஸ்ஸிங். கீழ்த்தளத்தில் நமக்காக வைத்திருக்கும் காபி ஆறினால் ஆறட்டும். கூட்டாளிகளே, கோட்டைப் போடுங்கள். வேனைக் குளிரிலேயே நிறுத்திப் பார்க்கப் புறப்படுவோம்.