கூலி கூடினால் குளிக்கலாம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸில், குறைந்தபட்சக் கூலியைக் கூட்டப் போகிறார்களாம் என்று யாரோ சத்தமாகச் செய்தி படித்தார். எனக்கு முன்சீட்டுப் பெண் உடனே சொன்னாள்:

"கூட்டுனா மொத காரியமா நான் ஒரு வேலைய விட்டுருவேன்."

வாழைக்காய்ப் பையை மடியில் வைத்திருந்த பஜ்ஜிக் கடைக்காரர் திரும்பினார்.

"கூலி கூடுனா யாராவது வேலைய விடுவாகளா?"

"விடிஞ்சதும் லாட்ஜ்ல துண்டு துவைக்கேன், பொறவு ஜவுளிக்கடையில நிக்கேன். ஒண்ணுலயே வீடு ஓடுனா இன்னொண்ணு எதுக்கு, அண்ணாச்சி?"

"ஒனக்கென்ன, சொல்லிட்ட! என் கடையில ரெண்டு பேரு நிக்காங்க. கூலிக்காக பஜ்ஜி வெலைய ஏத்துனா எவன் திம்பான்?"

"வெளியூர்க்காரங்க குளிச்ச துண்டத்தான் துவைக்கேன். இந்த சீசன்ல நான் இன்னும் தல நனைக்கல. லாட்ஜ விட்டா காலையில நேரா அருவிதான்."

கடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒன்ன மாதிரி எத்தன பேரு இருக்கீக?"

"எங்க தெருவே லாட்ஜ் வேலதான்."

"அருவில குளிச்சா பசிக்குமே?"

"பசிக்காம? எல்லாரும் ஒங்க கடைக்குத்தான் வருவோம்."

"அப்ப கூட்டட்டும்," என்றார். "வாழக்காதான் கூட வாங்கணும்."