பசை இறுகும் வரை

கடல் மீன் தொட்டியில் கல் அடுக்கும்போது புதிதாக வருகிற எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வார்கள், மேடம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மதில் சுவர் மாதிரி கட்டிவிடுவார்கள். வாங்கின கல்லையெல்லாம் உள்ளே போட்டாக வேண்டும் என்ற ஆசை. அப்படிக் கட்டினால் தண்ணீர் ஓடாது, பின்னால் அழுக்குத் தங்கும், பார்க்கிறவர்களுக்கே மூச்சு முட்டும். நல்ல தொட்டியில் பாதி இடம் காலியாக இருக்க வேண்டும். பல்லும் அப்படித்தான், நெருக்கியடித்து வளர்ந்தால் எல்லாம் கெடும்.

நான் பல் டாக்டர் என்பது உங்கள் காகிதத்திலேயே இருக்கும். வாசலில் நிற்கிற உங்கள் கான்ஸ்டபிள் காலையிலிருந்து தாடையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார். கடைவாய்ப் பல்லாகத்தான் இருக்கும். தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவே இருந்த சுவரை இடித்துவிட்டு அந்த இடத்தில் எட்டடித் தொட்டியைப் பொருத்தினேன். கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் சுவருக்குள் ஒரு கடல் தெரியும். மோட்டார்கள், உப்பு கலக்கும் டிரம், வலை, வாளி எல்லாம் பின்னறையில். தொட்டியின் மூடியும் அந்தப் பக்கம்தான் திறக்கும். வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்பதால் அந்த அறைக்கு ஜன்னல் வைக்கவில்லை. மோட்டார் இரைச்சல் வெளியே வராமலிருக்கச் சுவரெங்கும் தக்கைப் பலகை அடித்தேன். ஈரக்காற்றில் மரம் ஊதிப்போகும், அதனால் இரும்புக் கதவு. உப்புக் கையோடு வீடு முழுக்க நடக்க வேண்டாமே என்று ஒட்டினாற்போல ஒரு குளியலறை. இதெல்லாம் அப்போதே போட்ட திட்டமா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. மீனுக்காகத்தான் கட்டினேன். கடல் மீன் வளர்க்கிற யாரைக் கேட்டாலும் இப்படித்தான் கட்டச் சொல்வார்கள்.

என் தங்கையைப் பொடிசு என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் அவளும் நானும்தான். அப்பாவும் அம்மாவும் போனபோது அவளுக்குத் தலை பின்னக்கூடத் தெரியாது. நான் வளர்த்தேன். வளர்த்ததைச் சொல்லிக்காட்டுகிறேன் என்பாள். சொல்லிக்காட்டவில்லை, சொல்கிறேன், அவ்வளவுதான். எனக்குக் கல்யாணம் செய்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை. அதில் குறையும் இல்லை. அவள் இருந்தாள்.

கல் அடுக்குவது இரண்டு பேர் வேலை. ஒருத்தி தண்ணீருக்குள்ளேயே இறுகுகிற பசையை உருட்டி வைத்துக் கல்லைப் பொருத்த வேண்டும், இன்னொருத்தி பசை இறுகும்வரை அதை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். பொடிசு எப்போதும் பிடிக்கிறவள். பேச்சுக்குப் பேச்சு வாயாடுவாள், ஆனால் கல்லைப் பிடித்துவிட்டால் சிலைதான். மூக்கு அரித்தால்கூட, “அக்கா, கொஞ்சம் சொறிஞ்சு விடேன்” என்பாள். நான் ஈரக் கையோடு சொறிந்துவிடுவேன். உப்புத் தண்ணீர் உதட்டில் பட்டு முகத்தைச் சுளிப்பாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பொழுதுகள் எனக்கு நினைவில்லை.

அவள் தனக்கென்று பார்த்துவைத்த பையன் லிஃப்ட் மெக்கானிக். அவள் வேலை செய்த கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. இவர்தான் கதவை நெம்பித் திறந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அடைபட்டுக் கிடந்தவளுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்மேல் ஆசை வருவது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நல்ல மனிதர், பல்லையும் ஒழுங்காக வைத்திருக்கிறார். ஆனால் அவருக்கு வேறு ஊரில் வேலை மாற்றம் வந்தது. அவளையும் கூட்டிப்போவதாக இருவரும் சேர்ந்து வந்து என்னிடம் சொன்னார்கள். நான் வாழ்த்தினேன்.

பவளம் வைப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டுமே அழகான பவளமாக இருக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதைக் கொட்டிக் கொட்டி வெறும் எலும்பாக்கிவிடும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை, அதன் குணம் அது. வைக்கிறவர்தான் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். நான் செய்தது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், “கடைசியா ஒரு தடவை கல்லு பிடிச்சுக் குடுத்துட்டுப் போடி” என்றேன். சந்தோஷமாக வந்தாள். பழைய அடுக்கை முழுக்கப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டினோம். மூடி வரைக்கும் உயரமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். பின் கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம் மட்டும் விட்டேன்.

“என்னக்கா, மதில் மாதிரி எழுப்புறே? நீதானே கூடாதுன்னு உயிரை எடுப்பே?”

“முடியட்டும், அப்புறம் பாரு.”

“என் கண்ணுக்கு நல்லா இல்ல.”

நன்றாக இல்லைதான். என் கண்ணுக்கும் உறுத்தியது. இத்தனை வருஷம் கற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு கத்துக்குட்டி மாதிரி சுவர் எழுப்பிக்கொண்டிருந்தேன். கடைசிக் கல்லைப் பொருத்தி, பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு கையும் முழங்கை வரை தண்ணீருக்குள். “இறுகிற வரைக்கும் அசையாதே” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டினேன்.

பூட்டின சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் கல் விழவில்லை. விழுந்திருந்தால் கூடத்திலிருந்து பார்த்த எனக்குத் தெரிந்திருக்கும். கதவைப் பூட்டியது தெரிந்தும், நான் சொன்னபடி பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் என்னைக் கூப்பிட்டாள். அக்கா, இறுகிடுச்சு, என்றாள். தக்கைப் பலகை வேலை நன்றாகச் செய்திருந்தார்கள். கதவில் காதை வைத்தால்தான் கேட்டது.

அவளுடைய போனிலிருந்து அவருக்கு நானே எழுதி அனுப்பினேன். மனசு மாறிவிட்டது, வேறு இடத்துக்குப் போகிறேன், தேட வேண்டாம் என்று. ஆபீசுக்கும் அப்படியே. எல்லோரும் நம்பினார்கள். பொடிசு கொஞ்சம் துடுக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

அவளை நான் கஷ்டப்படுத்தவில்லை. கட்டில், மெத்தை, புத்தகம், நேரத்துக்குச் சாப்பாடு. அறை விளக்கை மட்டும் கழற்றிவிட்டேன். தொட்டி வெளிச்சமே போதும். அறை இருட்டாக இருந்தால் கல்லிடுக்கு வழியாக அவளுக்குக் கூடம் தெரியும், கூடத்தில் இருப்பவர்களுக்கு அவள் தெரியமாட்டாள். நான் சாப்பிடுவதை, டிவி பார்ப்பதை எல்லாம் அவள் பார்க்கலாம். தனியாக இருக்கிற எண்ணம் வரக்கூடாது என்றுதான் பின் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டாமல் விட்டேன். தொட்டி மூடியைப் பூட்டி, பின் விளிம்பில் தீனி போட, கை நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு வைத்தேன். மீனுக்குத் தீனி போடுவது அவள் பொறுப்பு. மனுஷிக்கு ஒரு வேலை வேண்டுமில்லையா.

ஆரம்பத்தில் அடம் பிடித்தாள், சாப்பிட மாட்டேன் என்றாள். “நீ சாப்பிடலைன்னா மீனுக்கும் தீனி கிடையாது” என்று டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். குரல் உயர்த்தவே இல்லை. அந்த ஆரஞ்சு மீன்கள் இரண்டும் அவள் பெயர் வைத்து வளர்த்தவை. கண்ணாடி ஓரத்தில் வந்து வந்து நின்றிருக்கும்போல. மறுநாள் தட்டைக் காலி செய்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் அந்தப் பிரச்சனையே வரவில்லை.

ஒரு தடவை பல்வலி என்றாள். வீங்கியிருந்தது. அங்கேயே டார்ச் பிடித்து, ஊசி போட்டு, வலி தெரியாமல் எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அக்கா, ஏன் இப்படிப் பண்றே, நான் என்ன பண்ணேன்?” என்றாள். வாயில் பஞ்சு வைத்திருக்கிறேன், பேசாதே என்றேன். எனக்கும் அழுகை வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மின்சாரம் போனால் மோட்டார் நின்று வீடே அமைதியாகிவிடும், அப்போது அவள் கூப்பிடுவது மெலிதாகக் கேட்கும். இன்வெர்ட்டர் வாங்கி வைத்தேன். மீனுக்கும் அது நல்லதுதானே.

அவர் வேறு ஊர் போன பிறகும் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் வருவார். சோபாவில் உட்கார்ந்து, “ஏதாவது தகவல் வந்துதாக்கா?” என்பார். இல்லை என்பேன். டீ கொடுப்பேன். தொட்டியைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். அவளுக்குப் பிடித்த தொட்டி என்பதால் அப்படிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒரு நாள் அழுதார். நான் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அப்போது பொடிசு கல்லுக்குப் பின்னால்தான் நின்றிருப்பாள். பார்க்காமலிருந்திருக்கலாம். பார்க்கச் சொல்லி நான் கட்டாயப்படுத்தவில்லை.

இனி நான் செய்த தவறுக்கு வருகிறேன். நீங்கள் தவறு என்று நினைக்கிற விஷயம் இல்லை, இது வேறு.

தொட்டிக்குள் எழுப்பின அந்தக் கல்சுவர் என்னைக் கொன்றுகொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். கிளினிக்கிலிருந்து வந்து உட்கார்ந்தால் மறுபடியும் அதே சுவர். நான் அடைபட்ட மாதிரி இருந்தது. சிரிக்க வேண்டாம், உண்மையைச் சொல்கிறேன். பிரித்துக் கட்டவும் முடியாது. அப்படி இருக்கும்போது ஒரு நாள் கவனித்தேன், கடைசியாகப் பொருத்திய அந்தக் கல் பசை விட்டு லேசாகச் சாய்ந்திருந்தது. மணலைத் தோண்டுகிற மீன் ஒன்று உண்டு, அதன் வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சில நாள் கழித்து இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அப்புறம் அதற்குக் கீழே இருந்த கல்லும்.

கல்லின் நடுவே ஒரு வளைவு பிறந்தது, மேடம். நட்டநடுவில் இல்லை, நான் எப்போதும் சொல்வதுபோல இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கு தள்ளி. தண்ணீர் அதன் வழியாக ஓட ஆரம்பித்தது, மீன்கள் நுழைந்து நுழைந்து வந்தன. தொட்டிக்கு உயிர் வந்துவிட்டது. எந்த மீன் அப்படி அளந்து தோண்டும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அழகாக இருந்ததால் யோசிக்கவில்லை. தெரியாமல் நடந்ததையும் என் கைவண்ணமாகவே எடுத்துக்கொண்டேன். பவளம் கொண்டுவந்து கொடுக்கிறவர் பார்த்துவிட்டு, “டாக்டரம்மா, இந்த ஜன்னல் பிரமாதம்” என்றபோது, சும்மா ஒரு யோசனை வந்தது, செய்தேன் என்றேன். ஊதா விசிறிப் பவளம் ஒன்றை அதற்கு ஓரமாக நானே ஒட்டினேன். பார்க்கிறவர்கள் கண் நேராக அங்கே போக வேண்டும் என்று. அன்றைக்கு அந்தப் பவளம் இருந்த கல்லைப் பிடித்துக்கொண்டது பொடிசு. “இந்தப் பக்கம் கொஞ்சம் சாச்சு வையேன்” என்றுகூடச் சொன்னாள். சாய்த்து வைத்தேன்.

அடுத்த முறை அவர் வந்தபோது வழக்கம்போல டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வளைவுக்குள் ஒரு கை இறங்கி வந்தது. வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது. சுண்டுவிரல் வளைந்த கை. சின்ன வயதில் கதவிடுக்கில் சிக்கியது, நான்தான் தெரியாமல் சாத்திவிட்டேன். அந்தக் கை ஆட்டவில்லை, தட்டவில்லை. உள்ளங்கையை விரித்து அப்படியே அசையாமல் நின்றது.

அவர் கத்தவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். வெளியே போய் வண்டியிலிருந்து கருவிப் பையை எடுத்து வந்தார். பின்னறைக் கதவின் கீல் பக்கம் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். சாவி என் கழுத்துச் சங்கிலியில் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. “பாத்து, தொட்டி அதிரப் போவுது” என்று மட்டும் சொன்னேன்.

பொடிசு வெளியே வந்தபோது கையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இளைத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அவர் தோளைப் பிடித்தபடி என் பக்கமாகவே கடந்து போனாள். என்னைப் பார்க்கவில்லை. வெளிச்சம் கூசியிருக்கும்.

எழுதிக்கொள்ளுங்கள். என் தங்கையை நான்தான் அடைத்து வைத்தேன். அவளைக்கொண்டே அந்தச் சுவரைக் கட்ட வைத்தேன். யாரும் தூண்டவில்லை, புத்தி பேதலிக்கவும் இல்லை. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். வீட்டுக்கு சீல் வைக்கப் போவதாக வெளியே பேசிக்கொண்டார்கள். மற்ற அறைகளை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், வாசல் கதவை மட்டும் பூட்ட வேண்டாம். பொடிசு எப்படியும் என்னைத் தேடித் திரும்பி வருவாள். அவளிடம் சாவி கிடையாது.