மருதாணிக் கையும் கெட்டி எண்ணெயும்

— கையை ஆட்டாதம்மா! இப்பதான் மயிலுக்குக் கழுத்து வச்சேன், அது வாத்து ஆயிரும்.

— ஸாரி ருக்சானா லாத்தா. போன் அடிக்குது. பச்சை பட்டனைத் தொட்டு ஸ்பீக்கர்ல போடுங்களேன். என் ரெண்டு கையும் உங்ககிட்டதான் மாட்டிக்கிட்டு இருக்கு.

— நாளைக்கு நிக்காஹ், இன்னிக்குமா ஆபீஸ்? நல்ல பொண்ணும்மா நீ, சைனப். இந்தா, போட்டாச்சு.

— மேடம், இஜாஸ் பேசுறேன், குஜராத் சைட்லேர்ந்து. பம்ப்பைக் கிணத்துல இறக்கியாச்சு. பெரிய சார் பக்கத்துலயே நிக்கிறார். ஸ்டார்ட் பண்ணலாமா?

— இருங்க இஜாஸ். குழாய்ல நிக்கிற எண்ணெய் ஆறிப்போய்க் கிடக்கும். முதல்ல லேசான எண்ணெயைக் கொஞ்சம் உள்ளே விடுங்க, இளகட்டும். அப்புறம் குறைஞ்ச வேகத்துல ஓட்டிட்டுக் கூப்பிடுங்க.

— சரி மேடம்.

— வச்சிட்டாரு. ஆமா, பம்புன்னா நம்ம பில்டிங் டேங்க்ல தண்ணி ஏத்துதே, அதுவா?

— அதுக்குப் பெரிய அக்கா. எண்ணெய்க் கிணத்துக்குள்ள ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, மோட்டாரோட சேர்ந்து மூழ்கியே கிடக்கும்.

— கிடந்துட்டுப் போவுது. அதுக்கு நீ என்னத்துக்கு ஒதட்டக் கடிக்கே?

— இதே கிணத்துல முன்னாடி ஒரு மோட்டார் எரிஞ்சுது லாத்தா. பம்ப் கூட வர்ற சார்ட் தண்ணிய ஓட்டிப் பார்த்துப் போட்டது. தண்ணின்னா இவ்வளவு தூக்கும், இவ்வளவு கரண்ட் இழுக்கும்னு இருக்கும். இந்தக் கிணத்து எண்ணெயோ கருப்பட்டிப் பாகு. அதே பம்ப் இதுல பாதி கூடத் தூக்காது, கரண்ட்டை மட்டும் எக்கச்சக்கமா இழுக்கும். தண்ணிக் கணக்கை நம்பி இறக்கினாங்க, போச்சு.

— அட, என் கோன் மாதிரி! விழுது கெட்டியாயிட்டா அமுக்கி அமுக்கிக் கட்டை விரல் செத்துரும். வர்றது என்னமோ நூலு கணக்கா.

— அதேதான்! உங்க கட்டை விரல்தான் மோட்டார். அதனாலதான் இந்தத் தடவை பெரிய பம்ப், பெரிய மோட்டார்னு பிடிவாதமா கேட்டேன். பெரிய சார் சிரிச்சாரு. கல்யாணப் பொண்ணு நகை கேக்குற மாதிரி கேக்குறீங்களேன்னாரு.

— அந்தாளு இங்க வரட்டும், மூஞ்சியில மருதாணி போட்டு விடுதேன். சரி, ஓடலைன்னா என்ன பண்ணுவிய?

— மொத்தத்தையும் திரும்ப மேல இழுக்கணும். முடியிற வரைக்கும் அங்க இருக்குற ஒருத்தரும் நகர முடியாது. இஜாஸுக்குச் சாயங்காலம் பிளேன். நாளைக்கு அவரு சயான் கல்யாண ஹாலுக்கு வந்தாகணும்.

— அரே, அதுக்கா இவ்வளவு டென்ஷன்? ஒரு ஆளு பிரியாணி திங்க வரலைன்னா கல்யாணம் நின்னா போயிரும்?

— லாத்தா, சிரிக்க வைக்காதீங்க, கை ஆடுது. போன், போன்!

— மேடம், ஸ்டார்ட் பண்ணிட்டோம். ஆனா கரண்ட் ஏறிக்கிட்டே போகுது, மேல ஒரு சொட்டு வரல. பெரிய சார் வேகத்தைக் கூட்டுங்கிறாரு.

— கூட்டாதீங்க!

— கத்துறாரு மேடம்.

— கத்தட்டும். இப்ப கூட்டினா மோட்டார் எரிஞ்சிரும். அடியில இருக்குற எண்ணெய் சூடா இருக்கு இஜாஸ். அது மெல்ல ஏறி வந்தா குழாயும் சூடாகும், எண்ணெய் இளகும், கரண்ட் தன்னால இறங்கும். லிமிட்டைத் தாண்டலியே?

— இன்னும் தாண்டல. கிட்ட நெருங்கிடுச்சு.

— அப்ப அங்கயே நில்லுங்க. யாரையும் ஸ்விட்ச்சைத் தொட விடாதீங்க.

— எரிஞ்சா யார் பொறுப்புன்னு கேக்குறாரு.

— நான்னு சொல்லுங்க.

— நாங்க ரெண்டு பேரும்னு சொல்லிட்டேன் மேடம்.

— ஏம்மா, ஒனக்கு இப்படி வேர்த்து ஊத்துதே. இரு, ஃபேனைக் கூட்டுதேன்.

— கூட்டாதீங்க! ஓ, ஃபேனா? கூட்டுங்க, கூட்டுங்க. எனக்கு பயமா இருக்கு லாத்தா.

— பயப்படாத. கெட்டி விழுதும் கை பட்டுப் பட்டு இளகத்தான செய்யுது.

— மேடம்! ஏறுறது நின்னுருச்சு. இருங்க... இறங்குது! இறங்குது மேடம்!

— இப்ப கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் கூட்டுங்க. அவசரப்படாம.

— கூட்டிட்டேன். லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. குழாயைத் தொட்டா சுடுது. மேடம், வந்துருச்சு! கன்னங்கரேல்னு கொழகொழன்னு வருது! பசங்க ஆட ஆரம்பிச்சுட்டானுங்க. பெரிய சார் கூட கை தட்டுறாரு!

— அல்ஹம்துலில்லாஹ்! வந்துருச்சு லாத்தா, எண்ணெய் வந்துருச்சு!

— ஏ புள்ள, கட்டிப்பிடிக்காத! பாரு, என் சுடிதார் பூரா மருதாணி. மயிலுக்கு வாலே போச்சு. சரி விடு, முங்கிக் குளிச்சிட்டு வந்த மயிலுன்னு சொல்லிக்கிடுவோம்.

— இஜாஸ், போதும், கிளம்புங்க. பிளேனை விட்டுராதீங்க.

— இதோ, வண்டியில ஏறுறேன் மேடம். பெரிய சாரே டிரைவரை விரட்டுறாரு. வச்சிடுறேன்.

— தங்கமான புள்ள. நாளைக்கு அவருக்கு ரெண்டு பீஸ் கூடப் போடச் சொல்லு. இப்ப அந்தக் கையைக் காட்டு. இந்தப் பூவுக்குள்ள பேரை ஒளிச்சு எழுதணும், மாப்பிள்ளை தேடிக் கண்டுபிடிக்கணும். அதானே எங்க தொழில்ல வேடிக்கை. சொல்லு, மாப்பிள்ளை பேரு என்ன?

— இஜாஸ்.