மூக்கம்மாள் தட்டிய தகரம்

மண்ணு சரியப் போற அடையாளந்தான? சொல்றேன் சொல்றேன், இருங்கய்யா. அதக் கேக்கத்தான உங்கள இம்புட்டுத் தூரம் மலையேத்தி விட்டுருக்காக. மொதல்ல அந்தப் பலகையில ஒக்காருங்க. காலப் பாருங்க, அட்ட கடிச்சுக்கிட்டு இருக்கு. ஆத்தாடி, குதிக்காதீக! இந்தாங்க, இந்தப் பொகையிலத் தண்ணியத் தடவுனா தானா விழுந்துரும். ஏன்யா, நாகர்கோயில்ல அட்டயே கெடையாதா? குடுத்து வச்ச ஊரு.

வாத்தியாரா? எங்க வீட்டு ஆளுதான். அந்தா, ஏலக்கா ஸ்டோருக்குள்ள பாடம் நடக்குது, சத்தம் கேக்குதுல்ல. பழைய பள்ளிக்கூடம் இருந்த எடத்தத்தான் வரும்போது தாண்டி வந்தீகளே, செவப்பா மண்ணு மேடு தட்டிக் கெடந்துச்சே, அதுக்கு அடியில இருக்கு. வாத்தியாரு பேரா? அத நான் சொல்ல மாட்டேன், தாலி கட்டுனவக பேரு. உங்க காயிதத்துல எழுதியிருக்குமே, செல்லமான பேரு, தொரைமாரு மாதிரி முடியும். ஆங், அதேதான். கண்டுபிடிச்சுட்டீகளே!

நீங்க எழுதுற பாடப் புத்தகம் நாப்பது பள்ளிக்கூடத்துக்குப் போகுதா? மலையில இருக்க அம்புட்டுப் பிள்ளைகளும் படிக்குமா? அதுல மூக்கம்மாள்னு என் பேரு வருமா? அடி ஆத்தி. எனக்கு என் பேர எழுதத் தெரியாதுய்யா, எழுதியிருந்தா அதுதான் என் பேருன்னும் தெரியாது. மண்ணு சரியறதுக்கு முந்தி நான் என்னத்தக் கண்டேன்னு அதுல போடுவீக. பிள்ளைக அதப் படிச்சு வச்சுக்கிட்டு, அதக் கண்டா ஓடும். அப்படித்தான? சரி சரி. காப்பியக் குடிங்க, சுக்குத் தட்டிப் போட்டுருக்கேன்.

எங்க வாத்தியாரு ஒரு மழைப் பைத்தியம், அத மொதல்ல எழுதிக்கங்க. எழுத வேணாமா? சரி, மனசுல வச்சுக்கங்க. மத்த ஆளுக மழை பேஞ்சா அண்ணாந்து வானத்தப் பாப்பாக. இவுக மலையப் பாப்பாக. மாமியா மூஞ்சியப் பாக்குற மாதிரி அப்படி ஒரு பார்வ. கல்யாணம் ஆன புதுசுல, என்னத்தப் பாக்குறீகன்னு கேட்டேன். மலை நிக்குதான்னு பாக்குறேன்னாக. பெறகு நடக்குமாக்கும்னு சிரிச்சேன். அவுக சிரிக்கல.

பிள்ளைகளுக்கு எழுத்து, கணக்கு எல்லாம் உண்டு. ஆனா வெள்ளிக்கெழமையானா மழைப் பாடம். தகரஞ் சத்தம் கேட்டா பையத் தொடாத, பலகையத் தொடாத, நிக்காத, ஆத்தாளத் தேடாத, மேட்டுல இருக்க ஆனப்பாறைக்கு ஓடு. பெருசு சின்னதுக கையப் பிடிச்சுக்க. வெளியாளு எவனாச்சும் நின்னா அவன் கையையும் பிடிச்சுக்க. அம்புட்டுத்தான் பாடம். இதுக்கு எம்புட்டுச் சண்டைங்கிறீக! ஆத்தாளத் தேடாதன்னு எப்படிச் சொல்லலாம்னு லயத்து வரிசை வீட்டுல இருக்க பொம்பளைக அம்புட்டுப் பேரும் திரண்டு வந்துட்டாளுக. முன்னாடி வந்து நின்னவ வேலுத்தாயி. பத்து மாசம் சுமந்தவளத் தேடாம பாறையவா தேடும்னு கேட்டா பாருங்க. நான்தான், நீ காட்டுல கள எடுத்துக்கிட்டு இருப்ப, அது உன்னத் தேடி ஓடைக்குள்ள எறங்கும்டின்னு சொல்லி அனுப்புனேன். வெளிய அவுகள விட்டுக் குடுக்க மாட்டேன்யா. வீட்டுக்குள்ள வந்து நானே அவுகளப் பிச்சு எடுத்துருவேன்.

தகரமா? அது வேற கதை. எங்க எஸ்டேட்டுல விடியக்காலம் தப்படிச்சாத்தான் ஆளுக பெரட்டுக்களத்துக்கு வந்து நிக்கும், கங்காணி பேரு கூப்புட்டு வேலைக்குப் பிரிச்சு விடுவாரு. அந்தத் தப்பப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவ அடிச்சுக்கிறோம்னு வாத்தியாரு பெரியமுத்துக் கங்காணிகிட்டப் போயிக் கேட்டாக. ஏன்யா, மத்தியானம் தப்படிச்சா எரநூறு ஆளு கொத்து வேலையப் போட்டுட்டு வந்து நிக்கும், தொரைக்கு நீயா பதில் சொல்லுவன்னு வெரட்டி விட்டுட்டாரு. அதனால என் அடுப்படியில இருந்த சீமெண்ணெத் தகரத்தத் தூக்கிட்டுப் போயி வாசல்ல கட்டித் தொங்க விட்டுட்டாக. நான் அதுலதான் அரிசி வச்சிருந்தேன்! அரிசியப் பாயில கொட்டி வச்சுட்டு, தகரம் நாட்டுக்கு வேணும்னாக.

பழக்குறதுக்காக மொதத் தடவ தட்டுனப்ப பிள்ளைக நேரா ஓடைக்கு ஓடிருச்சுக, நண்டு பிடிக்க. ரெண்டாந் தடவ பாதி பாறைக்கு, பாதி லயத்துக்கு. சந்தனம்னு ஒரு பொடிக்குட்டி, ஒண்ணாங் கிளாசு, சோத்துச் சட்டியத் தலையில வச்சுக்கிட்டு ஓடுறா. சட்டிய எதுக்குடி தூக்கிட்டு வந்தன்னா, வெள்ளத்துல பசிக்கும்ல சார்னு கேக்குறா. பதில் சொல்லுங்க பாப்போம்! 

அப்புறம் ஈயம் பூசுறவன் வந்தான்யா, கம்பத்துல இருந்து. அவன் பாவம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுறதேய்னு கத்திக்கிட்டு ஒரு ஓட்டத் தகரத்தத் தட்டிக்கிட்டே பள்ளிக்கூடத்தத் தாண்டுறான். முப்பத்தொரு பிள்ளையும் வெடிச்ச மாதிரி வெளிய வந்து, நாலு பேரு அவன் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓட்டம். அவனும் எதுக்குன்னே தெரியாம ஓடுறான், துருத்தி ஒரு பக்கம் கரி ஒரு பக்கம் செதற. பாறை மேல ஏறி நின்னுக்கிட்டு, தாயே, புலியா யானையான்னு என்னப் பாத்துக் கேக்குறான். நான் சிரிச்ச சிரிப்புல எனக்கு விலாவுல பிடிச்சுக்கிருச்சு.

இதுல எனக்கு ஆத்திரம் எங்கன்னு கேளுங்க. ஒவ்வொரு தடவையும் ஓடி முடிச்சா ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி. யாரு வீட்டுக் கருப்பட்டி? என் வீட்டுக் கருப்பட்டி. அன்னிக்கும் குடுக்குறாக! ஈயம் பூசுறவனுக்கும் ஒரு துண்டு! இது பொய்ச் சத்தந்தான, இதுக்கு எதுக்குக் கருப்பட்டின்னு நான் கத்துறேன். ஓடுனதுக்குடின்னு சொல்லிட்டுத் துண்டு போடுறாக. பதினோரு தடவய்யா. என் பானைய வழிச்சு எடுத்துட்டாக.

என்னய்யா, பென்சில வச்சுக்கிட்டே இருக்கீக? அடையாளமா? அதுக்குத்தான வந்துக்கிட்டு இருக்கேன்.

அன்னிக்கு ஆடி மாசம், மூணு நாளு விடாம பேஞ்சு, நாலாம் நாளு பளிச்சுன்னு வெயில். ஈரச் சேலைய எல்லாம் காயப் போட்டோம். வெயில் அடிச்சதாலதான் பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டரய்யாவும் குதிரையில ஏறி வந்துட்டாரு. நல்ல மனுசன், மலையாளத்துக்காரரு, தமிழும் பேசுவாரு. அவரு வர்றது எங்களுக்குத் தெரியாது. வந்து ஒக்காந்ததும், இந்த நாட்டுல எத்தன நதி ஓடுதுன்னு கேட்டாரு. பிச்சைமணி எந்திரிச்சு, ஒண்ணுதான் சார், மழை பேஞ்சா பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஓடும்ங்கிறான். நெல்லு எங்க வெளையும்? கம்பத்துச் சந்தையில. மகாராசா இங்க வந்தா நீங்க என்ன செய்யணும்? முப்பத்தொண்ணும் ஒரே குரல்ல, கையப் பிடிச்சுக்கிட்டு பாறைக்கு ஓடணும் சார்!

நான் காப்பியோட வாசல்ல நிக்குறேன். சிரிப்ப அடக்க முடியாம முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டு நிக்குறேன். அப்பத்தான் இன்ஸ்பெக்டரய்யா பெரிய நோட்ட விரிச்சு மையத் தொட்டாரு. ஆறு மாசமா இங்க என்னத்தப் படிச்சுக் குடுத்தீரு, இதுக்கு ஒரு வாத்தியாரு வேணுமா, பள்ளிக்கூடத்தச் சாத்திரலாம்னு எழுதுறேன்னாரு. வாத்தியாரு நிக்குறாக. அடி வாங்க நிக்குற பிள்ள மாதிரி கையக் கட்டிக்கிட்டு, ஒதட்ட நக்கிக்கிட்டே நிக்குறாக. 

பெறகென்ன, நான் டம்ளரக் கீழ வச்சேன், செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திய எடுத்தேன், அதோட முதுகால தகரத்துல ஓங்கி ஓங்கித் தட்டுனேன். ஊருக்கே தெரிஞ்ச கதைதானய்யா அது. பிள்ளைக பறந்துச்சுக. இன்ஸ்பெக்டரய்யா என்ன என்னன்னு எந்திரிக்குறதுக்குள்ள நாலு பெரிய குட்டிக அவரு ரெண்டு கையையும் பிடிச்சு இழுத்தாச்சு. தலப்பா ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், மை நோட்டுல கொட்டி ஆறா ஓடுது. விடு விடுன்னு கத்துறாரு. சந்தனம் பின்னாடி இருந்து அவரத் தள்ளிக்கிட்டே, பேசாம ஓடுங்க சார், கருப்பட்டி குடுப்பாகங்கிறா!

பாறையில ஏறி நின்னாச்சு. வாத்தியாரு மூச்சு வாங்கிக்கிட்டு எங்கிட்ட வந்து, மூக்கம்மா, என்னத்தப் பாத்தன்னு கேட்டாக. நான் வாயத் தெறக்குறேன். அந்நேரம் சத்தம். அது இடியும் இல்லய்யா, மலைக்கு வயிறு இரையற மாதிரி ஒரு சத்தம். மரமெல்லாம் நின்ன வாக்குலயே நடந்து வருது. பள்ளிக்கூடத்துக் கூரை ஒரு தடவ எந்திரிச்சு ஒக்காந்துச்சு, அம்புட்டுத்தான். பெறகு செவப்பு மண்ணு. வாத்தியாரு பிள்ளைகள எண்ணுறாக. எண்ணி முடிச்சு மறுபடி எண்ணுறாக. முப்பத்தொண்ணு. இன்ஸ்பெக்டரய்யா என் காலத் தொட்டுக் கும்புடுறாரு. காட்டுல இருந்து வேலுத்தாயி தலவிரி கோலமா ஓடியாந்து மண்ண ரெண்டு கையாலயும் தோண்டுறா. அடியே, பாறையப் பாருன்னு நாங்க கத்துறோம். அவ அண்ணாந்து பாத்த பார்வ இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குதுய்யா.

கருப்பட்டியா? கேக்காம விடுவாளா! சார், கருப்பட்டின்னு சந்தனம் கைய நீட்டுறா. அன்னிக்கு நானே ஓடிப் போயி பானையோட தூக்கிட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் நான் பெரிய ஆளு. ஊத்துத் தண்ணி செவந்ததத்தான கண்டன்னு கேக்குறா ஒருத்தி. எறும்பு முட்டையத் தூக்கிட்டுப் போனதத்தான கண்டன்னு கங்காணி. மாரியாத்தா உன் மேல எறங்கிட்டான்னு வேலுத்தாயி. எல்லாத்துக்கும் தலைய ஆட்டுனேன். தொரை கம்பளி குடுத்தாரு, வாங்கிக்கிட்டேன். எங்க வாத்தியாருக்கு இருக்க சந்தோசம் சொல்ல முடியாது. இத்தன நாளு என்னக் கேலி பண்ணுனவ, எனக்கு முந்திக் கண்டுபிடிச்சுட்டான்னு பாக்குற ஆளுகிட்ட எல்லாம் சொல்றாக. அதக் கேக்கும்போது மட்டும் நான் அடுப்படிக்குள்ள போயிருவேன்.

ஊத்துத் தண்ணின்னு எழுதவா? வேணாம்யா. இருங்க, எழுதாதீக. மலையாளக் கணக்குல ஆயிரத்துத் தொண்ணூத்தொம்பதாம் வருசத்து வெள்ளம் தெரியும்ல, ஏழு வருசமாச்சே. அப்ப எங்க வாத்தியாரு வேற எஸ்டேட்டு, கீழ. ஊத்துத் தண்ணி செவந்ததப் பாத்தது இவுகதான். ரெண்டு லயத்துலயும் கதவு கதவாத் தட்டிச் சொன்னாக. எல்லாரும் குடத்தோட வந்து பாத்தாக. செவப்புத்தான், கொஞ்சம் தெளியுதான்னு பாப்போம்னாக. பாத்துக்கிட்டே இருந்தாக. இவுக ஒருத்தர்தான் ஓடுனது. அடையாளம் அம்புட்டுச் சரியா இருந்துச்சுய்யா. ரெண்டு லயமும் ஆளோட மண்ணுக்குள்ள போயிருச்சு.

அதனால உங்ககிட்டப் பொய் சொல்ல எனக்கு வாய் வரல. நான் ஒண்ணுத்தையும் பாக்கல. தண்ணியும் பாக்கல, எறும்பும் பாக்கல. எங்க வாத்தியாரு நின்ன நெலையத்தான் பாத்தேன். அந்த நோட்டுல எழுத விடக் கூடாதுன்னு சும்மாதான் தட்டுனேன். பொய்த் தகரம்யா அது, பன்னெண்டாவது பொய்.

ஏன்யா அப்படி முழிக்கிறீக? புத்தகத்துல எப்படிப் போடுறதுன்னா, இப்படியே போடுங்க. அவ எதையும் பாக்கல, பிள்ளைகளும் எதையும் கேக்கல, ஓடுச்சுக, பொழச்சுச்சுகன்னு போடுங்க. ஓடிட்டுப் பாக்கச் சொல்லுங்க. பொய்யாப் போனா ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி குடுக்கணும்னும் போடுங்க, அத மறந்துறாதீக.

வாத்தியாருக்கா? தெரியாது. நீங்க சொல்லாதீக. புத்தகம் வரட்டும், அவுகளே பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுவாக, அப்பத் தெரிஞ்சுக்கட்டும். நான் வாசல்லதான் நிப்பேன். அந்த வரி வரும்போது அவுக மொகம் மாறும்ல, ஒடனே அங்க புதுசாக் கட்டுன தகரத்தத் தட்டிருவேன். எனக்குத் தெரியும்யா, புத்தகத்தக் கீழ போட்டுட்டு அவுகதான் மொதல்ல ஓடுவாக.