பொட்டு வைத்த மடிக்கணினி

ஈரமான பிளாஸ்டிக்கில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டாது, சார். அதனால் ஒவ்வொரு மடிக்கணினியையும் துடைத்து, காயவைத்த பிறகுதான் பொட்டு வைப்பேன்.

கம்பெனிகள் கழித்துவிட்ட கணினிகள் செங்கல்பட்டில் எங்கள் அறக்கட்டளையின் கொட்டகைக்கு வரும். பழுது பார்த்து, விடுதிகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் இலவசமாகக் கொடுப்போம். சோதிப்பது என் வேலை. தேறியதற்கு மூடியின் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு. தேறாததற்கு ஒன்றுமில்லை. வண்டி ஓட்டும் குமார் அண்ணன் முதல் நாளே கிண்டலடித்தார்.

“இன்னாடா ஆல்வினு, அல்லாத்துக்கும் பொட்டு வெச்சிகினு கீற? கண்ணாலமா?”

எனக்கும் சிரிப்பு வந்தது. எரிச்சல் வந்ததெல்லாம் பொறுப்பாளர் அருணகிரி சார் மேல்தான்.

பேட்டரி உப்பியிருந்தால் மடிக்கணினி மேசையில் படிந்து உட்காராது, தொட்டால் ஆடும். அதை சார்ஜில் போட்டால் தீப்பிடிக்கலாம். அப்படிப்பட்டவற்றைப் பொட்டில்லாமல் கீழ்த்தட்டில் வைப்பேன். வேண்டாம் என்று நான் சொன்னாலும் அருணகிரி சார் அவற்றை எடுத்து வண்டியில் ஏற்றிவிடுவார்.

“ஆன் ஆவுதா? அப்ப குட்த்துடு. ஓசில வாங்கறவன் நொட்ட சொல்ல மாட்டான். ராத்திரி கிளாசுல இன்னாதான் கத்துத் தரானுங்க, பயப்படவா?”

படாளத்துக்கு அப்படி ஒன்று போயிற்று. வேறு ஊர்களுக்கும் போயின. எங்கிருந்தும் புகார் வரவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். என் கண்தான் தப்போ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை எங்காவது புகைந்திருக்கலாம். ஓசியில் வந்ததுதானே என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். பதிலே வராத இடத்துக்கு அனுப்பி எப்படித் தெரிந்துகொள்வது?

நெம்மேலி ரூத் அக்கா அப்படியல்ல. எது கெட்டாலும் உடனே கூப்பிட்டுச் சொல்வார். புருஷனை விட்டு வந்த பெண்களுக்காக ஓர் அமைப்பு நடத்தினார். இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிய கால்கள். பாயில் உட்கார்ந்து, மடியில் வைத்துத்தான் வேலை செய்வார். என் பொட்டைக் கேட்டு வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

“அந்த ஆளு இன்னா சொன்னாலும் சரி, தம்பி. உம் பொட்டு இல்லாத மெஷினு எனக்கு வாணாம்பா.”

கீழ்த்தட்டில் அதிகமாக உப்பியிருந்ததை எடுத்தேன். ஆடாமல் இருக்க நான்கு மூலைகளிலும் உயரமான ரப்பர் கால்கள் ஒட்டினேன். துடைத்தேன். காயவைத்தேன். பொட்டு வைத்தேன். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“சார்ஜுல போட்டுகினே டைப் அடிக்கலாமாப்பா?”

“அடிக்கலாம்க்கா.”

அந்த முறை அவர் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு சந்திரம்மாதான் கூப்பிட்டார். நைலான் புடவை என்றார். அக்காவால் சட்டென்று எழ முடியவில்லை என்றார். தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும், கீழ்த்தட்டில் இருந்ததையெல்லாம் கழித்துவிடச் சொன்னார் அருணகிரி சார்.

“நீ சொன்னது கரெக்டுதான்பா,” என்றார். இதைக் கேட்கத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன்.

ரூத் அக்கா மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, சார். அதை எழுதிக்கொள்ளுங்கள். அருணகிரி சார் என் பேச்சைக் கேட்டிருந்தால் இது தேவையே பட்டிருக்காது.

ஆனால் நிம்மதிதான் வரவில்லை. சார்ஜர் பழையது. புடவையும் நைலான். பேட்டரிதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? ஒரே ஒரு சோதனையை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்றுதான் நான் படிக்கும் ராத்திரி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். ஆகவே எல்லாவற்றையும் கழித்துவிட்டு, ஒன்றை மட்டும் எடுத்துவைத்தேன். புது சார்ஜர் சேர்த்து, பொட்டு வைத்து, நேற்று குமார் அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன்.

புதுப்பட்டினம் பிள்ளைகள் விடுதியிலிருந்து போன் ஏதாவது வந்ததா, சார்?