இரு பள்ளிகளுக்கு ஒரே நோட்டு தந்த கமலாத்தாள் டீச்சர்

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் நம் தலைமையாசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் நவீன்குமார் அவர்களே, டீச்சரின் கணவர் நாச்சிமுத்து அவர்களே, வேலந்தாவளத்துப் பெரியோர்களே, என் மாணவச் செல்வங்களே! மலைமேலிருந்து இந்தத் திரை வழியாக நம்மோடு அமர்ந்திருக்கும் எஸ்டேட் பள்ளிப் பிள்ளைகளே, இந்து டீச்சர் அவர்களே! அனைவருக்கும் இந்தக் காளிச்சாமியின் வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கமலாத்தாள் டீச்சரும் நானும் ஒரே ஆசிரியர் அறையில், எதிரெதிர் மேசைகளில் இருந்தோம். அவர் வேதியியல், நான் கணக்கு. சென்ற வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குப் புறப்படும் வேளையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். ஐம்பத்து மூன்று வயது! நாம் இன்னும் அழுது முடிக்கவில்லை. ஆனால் நான் இங்கே நிற்பது அழுவதற்காக அல்ல. ஒரு வெற்றியைச் சொல்ல வந்திருக்கிறேன். அந்த வெற்றியை எதிர்த்து நின்று, தோற்றுப்போன ஒரே ஆள் நான். ஆகவே அதைச் சொல்லும் கடமை எனக்குத்தான் உண்டு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி முகாம். கேரளத்தின் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்கள் கூடியிருந்தோம். மதிய உணவின்போது, மூணாறுக்கு மேலே ஓர் எஸ்டேட் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் இந்து டீச்சர், சோற்றைப் பிசைந்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கமலாத்தாள் டீச்சர் பக்கத்தில் போய் என்னவென்று கேட்டார்.

“பத்தாம் வகுப்புல பதினோரு பிள்ளைக டீச்சர். கெமிஸ்ட்ரி டீச்சர் மாற்றலாகிப் போய்ட்டாங்க, வேற ஆள் இன்னும் வரல. நானே புத்தகத்த வாசிச்சுக் காட்டுறேன். எனக்கே புரியல, பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? மலையாளத்துல, இங்கிலீஷ்ல தேடினா ஆயிரம் கைடு கிடைக்கு. தமிழ்ல நம்ம பாடத்துக்கு ஒண்ணும் இல்லயே!”

நாங்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினோம். கமலாத்தாள் டீச்சர் மட்டும் உச்சுக்கொட்டவில்லை. “இல்லீனா நாம எழுதிக்குவோமுங்க,” என்றார். “எங்க புள்ளைங்களும் உங்க புள்ளைங்களும் ஒரே நோட்டுல எழுதட்டும்.”

“நூத்தம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கோமே டீச்சர்?”

“நோட்டு ஊட்டுல இருந்தாத்தானுங்க தூரம்!”

மறு வாரமே கூகுள் டாக்ஸில் ஒரு கோப்பைத் திறந்தார். காசு ஒரு பைசா இல்லை. அன்றன்று நடந்த பாடத்தை நம் பிள்ளைகள் தங்கள் சொந்தத் தமிழில் அதில் எழுத வேண்டும். மலைப்பள்ளிப் பிள்ளைகள் அதைப் படித்து, புரியாத வரிக்குப் பக்கத்தில் கமெண்ட் போட்டுக் கேட்க வேண்டும். பதிலை டீச்சர் சொல்ல மாட்டார். நம் பிள்ளைகளே சொல்ல வேண்டும்! மூன்று நாள் ஆகியும் ஒருவருக்கும் பதில் தெரியாவிட்டால்தான் அவர் வாயைத் திறப்பார். வெள்ளிக்கிழமைதோறும் கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்விகள் போகும். எந்தக் கேள்வியில் அதிகம் பேர் தவறினார்களோ, திங்கட்கிழமை முதல் பாடம் அதுதான்.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆசிரியர் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும், “புள்ளைங்க கையில போனக் குடுத்தா பாடமாங்க படிப்பாங்க? ரீல்ஸ்தான் பாப்பாங்க. இது வேண்டாத வேலைங்க டீச்சர்” என்றேன். அவர் கோபப்பட்டாரா? இல்லை! அந்தக் கோப்பின் இணைப்பை எனக்கும் அனுப்பிவைத்தார். “ஏனுங்க சார், திட்டுறதுக்காவது ஒருக்காத் தெறந்து பாருங்க.”

திட்டுவதற்காகத்தான் திறந்தேன். அங்கே மோனிஷா என்ற மலைப்பள்ளி மாணவி ஒரு கேள்வி போட்டிருந்தாள்: “அமில மண்ணில்தான் தேயிலை வளருமாம். உங்கள் ஊர் மண்ணும் அமிலமா?” பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வி. நம் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? சித்தூர் வரைக்கும் போய், தோட்டம் தோட்டமாக மண் எடுத்து வந்து, தண்ணீரில் கரைத்து, பி.எச். தாளில் தொட்டுப் பார்த்தார்கள். அங்கே அவர்கள் தேயிலைத் தூர் மண்ணை எடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஷீட்டில் எண்களை ஏற்றினார்கள். அங்கே ஐந்துக்கும் கீழே, இங்கே நம் கரிசல் மண்ணில் எட்டு! இரண்டு மண்ணும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரு கணக்கு வாத்தியாருக்கு அந்த அட்டவணையைப் பார்த்து மனசு குளிராதா? குளிர்ந்தது. ஆனால் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு வீம்பு!

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. ஒரு காலை கணினி அறையில் கோப்பைத் திறந்தால் வெள்ளைப் பக்கம். நூற்று நாற்பது பக்கங்கள், இரண்டு பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டு எழுதியது, ஓர் எழுத்துக்கூட இல்லை! இரண்டு பேர் அழத் தொடங்கிவிட்டார்கள். நான் வாசலில் நின்றிருந்தேன். இன்று உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: எனக்குள்ளே ஓரமாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. “நான் அன்னைக்கே சொன்னேனுங்களே” என்றும் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றும் கூசுகிறேன்.

அதே நேரத்தில் டீச்சரின் போன் ஒலித்தது. மோனிஷா. தேம்பலுக்கு நடுவே வார்த்தைகள் வந்தன.

“டீச்சர், எங்க லயத்து வீட்டுல சிக்னல் கெடைக்காதுன்னு மொத்தத்தையும் காப்பி எடுக்கப் போனேன். கை தவறி கட் ஆயிருச்சு. உடனே போன் அணைஞ்சு போச்சு. எல்லார் எழுதினதையும் நானே அழிச்சுட்டேன் டீச்சர்!”

“அம்மிணி, மொதல்ல மூஞ்சியக் கழுவு. ஒண்ணும் போகல. போனை வைக்காத, இப்ப நடக்கறதக் கேட்டுட்டே இரு.”

புரொஜெக்டரைப் போடச் சொன்னார். கோப்பின் பழைய பதிப்புகள் இருக்கும் பகுதியைத் திறந்தார். நாள்வாரியாக, மணிவாரியாக வரிசை நின்றது. முந்தின நாள் மாலையைத் தொட்டு, மீட்டெடு என்ற பொத்தானை அழுத்தினார். நூற்று நாற்பது பக்கங்களும் திரையில் வந்து இறங்கின! பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே ஓடி வந்தது. போனில் மோனிஷா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

டீச்சர் அதோடு நிறுத்தவில்லை. அந்தப் பட்டியலில் யார் எழுதினாலும் அவர் பெயரும் தனி நிறமும் தெரியும். ஒவ்வொரு நாளாகத் திறந்து காட்டினார். நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு ஒரே பச்சை நிறம். பக்கம் பக்கமாகப் பச்சை. பெயர் மௌனிகா!

மௌனிகாவா? கடைசி பெஞ்சில் உட்காரும் பெண். அவள் குரலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலைக்குப் போன அப்பா ஏழு மணிக்கு வீடு திரும்பினால்தான் அவள் கைக்குப் போன் கிடைக்கும். இந்தப் பெண் தேறமாட்டாள் என்று அதே அப்பாவிடம் பெற்றோர் கூட்டத்தில் சொன்னவன் நான்!

டீச்சர் அவளைப் புகழவில்லை. திரையைக் காட்டி, “மௌனிகா, இந்தப் பக்கத்துல ஒரு தப்பு இருக்குதே. வெள்ளியத் தாமிர சல்பேட்டுல போட்டா நீல நெறம் மங்கும்னு எழுதியிருக்கற. எங்க மங்கும்?” என்றார்.

அந்தப் பெண் எழுந்தாள். “மங்குமுங்க டீச்சர். நான் எழுதுனது துத்தநாகத்துக்குங்க. நீங்க கீழ் வரியப் பாத்துட்டீங்க, அதுதான் வெள்ளி. வெள்ளியப் போட்டாத்தான் ஒண்ணும் ஆகாதுங்க.”

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்து மறுபடி படித்தார். பிறகு கைதட்டினார். “நாந்தான் தப்பு! புள்ளை சொன்னதுதான் செரி!” எத்தனை ஆசிரியர்களுக்கு இந்த மனம் வரும், சொல்லுங்கள்! வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது. வாசலில் நின்ற நானும் தட்டினேன்.

அந்த ஆண்டு மலைப்பள்ளியின் பதினோரு பேரும் தேறினார்கள். நம் இருபத்தேழு பேரும் தேறினார்கள். மோனிஷாவுக்கும் மௌனிகாவுக்கும் வேதியியலில் ஏ பிளஸ்! மௌனிகா இன்று சித்தூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு. அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். எழுந்து நில் அம்மிணி, ஊர் பார்க்கட்டும்!

முடிவு வந்த மறுநாள் நான் டீச்சரின் மேசைக்குப் போனேன். “கணக்குக்கும் இப்படி ஒண்ணு ஆரம்பிக்கணுமுங்க. எனக்குச் சொல்லித்தருவீங்களா?” என்றேன். நக்கலடிப்பார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க சார். மவுஸப் புடிங்க, கடிக்காது” என்றார். இன்று ஏழு தமிழ்வழிப் பள்ளிகள் நம்மோடு எழுதுகின்றன. அன்றைய நூற்று நாற்பது பக்கம் இன்று அறுநூறு பக்கம்!

டீச்சர் கடைசியாக அதில் எழுதியது வியாழக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு. இரும்பு துருப்பிடிக்கும், தங்கம் பிடிக்காது என்று இந்த ஆண்டு மலைப்பள்ளியில் படிக்கும் முருகேஸ்வரி எழுதியிருந்தாள். அதன் பக்கத்தில் டீச்சரின் கமெண்ட்: “சரி. ஆனால் ஏன்?”

வெள்ளிக்கிழமை செய்தி மலைக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழந்தை பதினோரு வரிகளில் பதில் எழுதிவைத்திருக்கிறாள். இந்து டீச்சர் அவளிடம், இனி யார் பார்ப்பார்கள் என்று எழுதினாய் என்று கேட்டாராம். “டீச்சர் கேட்டிருந்தாங்க, அதனால எழுதினேன்” என்றாளாம்.

யார் பார்ப்பார்கள்? நாங்கள் பார்ப்போம்! இந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் ஒன்பது பேரும் நேற்று கூடி முடிவெடுத்திருக்கிறோம். கமலாத்தாள் டீச்சரின் கோப்பில் எந்தப் பிள்ளையின் கேள்வியும் மூன்று நாளைத் தாண்டாது. நாளை வெள்ளிக்கிழமை, ஃபார்ம் போகும். கல்லூரி விடுமுறை நாட்களில் தானும் உதவுவதாக மௌனிகா வாக்குக் கொடுத்திருக்கிறாள். புதிய வேதியியல் ஆசிரியர் வரும்வரை அந்தப் பாடத்தை நானும் படித்துக்கொண்டே பார்த்துக்கொள்வேன்.

இன்று காலை பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முருகேஸ்வரியின் பதினோரு வரிகளையும் இரண்டு முறை படித்தேன். முருகேஸ்வரி, திரையில் இருக்கிறாயா அம்மிணி? உன் விடை சரி. அடுத்த பாடத்தைத் தொடங்கு.